அட்டைப்படத்தில் பெருமாயி

மாசி மாதம் ஒரு முற்பகலில், கொல்லிமலைக் குண்டனி நாட்டு மேல்வளவு என்ற குடியிருப்பில், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறித்துக்கொண்டிருந்த பெருமாயி ஏணியை விட்டு ஒரு முழம் விலகி அந்தரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வலது கையை எதையோ ஏந்துவதுபோலத் தூக்கி, பல் தெரியச் சிரித்தபடி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே இருந்தாள். பிறகு பொத்தென்று விழுந்தாள். கீழே சருகு மெத்தையாகக் கிடந்ததால் இடுப்புப் பிசகியதோடு போயிற்று. நம்புகிறவர்கள் நம்பலாம்; நம்பாதவர்களால் அந்த வருஷத்து மிளகு விலை ஒன்றும் இறங்கிவிடவில்லை. பக்கத்துக் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பாவாயிதான் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள். அவள் சொன்னதில் ஊருக்கு நம்ப முடியாமல் இருந்தது பெருமாயி மிதந்தது அல்ல, சிரித்தது. அதே மலையின் பெரக்கரை நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் பெருமாயி சிரித்து அந்த வளவு பார்த்ததில்லை. கெட்டவள் அல்ல. சிரிப்பதற்கு அவளுக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

அந்தரத்தில் இருந்தபோது அவளுக்குக் கண் தெரிந்தது, காது கேட்டது, எறும்பு கடித்தது உறைத்தது. கையை இறக்கத்தான் முடியவில்லை. காதுக்குள் ஒரு பொம்பளையின் குரல் இழுத்து இழுத்துப் பாடியது. அது பாட்டா புலம்பலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நாலைந்து நாள் கழித்துக் களி கிண்டும்போது இன்னொரு முறை ஏறினாள், களி அடிப்பிடித்தது. அடுத்த வாரம் சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழக் குவியலுக்கு மேலே ஏறினாள். புருஷன் சுப்பையன் திருநீறு மந்திரித்துப் பூசிப் பார்த்தான். கீழே நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். டாக்டர் ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதினார். பாவாயி மட்டும் கிட்டப்போய் நின்று நன்றாகக் கவனித்திருந்தாள். மிதக்கிறபோது பெருமாயிக்கு நிழல் விழவில்லை. தூக்கிய கையில் ஆறு விரல் இருந்தது, நகமெல்லாம் ரோஸ் கலர் பூச்சு. காதுக்கும் கொண்டைக்கும் நடுவே, துணிக்கடைத் துண்டுபோல, கொஞ்சம் நீலத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. இதில் எதற்கும் மாத்திரை கிடையாது.

காரணம் செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில், ரமேஷ்குமாரின் பிளெக்ஸ் கடையில் இருந்தது. காதுகுத்து, சீர், கல்யாணம், சாவு என்று மலையில் எது நடந்தாலும் அதற்குப் பேனர் அடித்துக் கொடுப்பவன் ரமேஷ்குமார். அவன் சித்தப்பா மகன் சந்தோஷ்குமார் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தான். கோவில்களிலும் சபாக்களிலும் அந்தக் காலத்தில் பதிவு செய்த கர்நாடகக் கச்சேரி நாடாக்களை அந்தக் கம்பெனி மூட்டை மூட்டையாக வைத்திருந்தது. அதையெல்லாம் செல்போனில் கேட்கிற மாதிரி ஏற்றிவிட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டைப்படம் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்றார்கள். சந்தோஷ்குமார் சொந்தக்காரனுக்கு வேலையைப் பிடித்துக் கொடுத்தான். ரமேஷ்குமார் அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. மிருதங்கக்காரர் ஒருவரைச் சுற்றித் தீ எரியவிட்டு, பின்னால் நாலு சிங்கத்தை நிறுத்தினான். புல்லாங்குழல்காரரை வெட்டி ஒட்டும்போது குழல் அவர் காதுக்குள் போய்விட்டது. வயலின்காரர் பனிமலைக்கு முன்னால் வேட்டி கட்டி நின்றார், பக்கத்தில் இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசின. எழுத்துகள் எல்லாம் தங்க நிறத்தில், ரத்தம் சொட்டுகிற மாதிரி. கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டு அப்படியே ஏற்றிவிட்டார்கள். அவர்களும் பாட்டைக் கேட்டிருக்கவில்லை.

அப்படி வந்தவற்றில் ஒன்று ஒரு பாடகி அம்மாளின் பழைய கச்சேரி. அவருக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ: நெற்றி நிறையக் குங்குமம், நேராகப் பார்க்கிற முகம். அதை நடுவில் வைத்துப் பார்த்ததும் ரமேஷ்குமாருக்குத் திக்கென்றது. மலையில் காதுகுத்துப் பேனர் என்றால் மாமன், மச்சான், சித்தப்பன், பெரியப்பன் எல்லார் முகமும் ஸ்டாம்ப் அளவிலாவது இருந்தாக வேண்டும். ஒரு முகம் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் பத்து வருஷத்துக்குப் படியேறாது. பேனரில் ஒற்றை முகம் மட்டும் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அது கண்ணீர் அஞ்சலி. உயிரோடு இருக்கிற ஒரு அம்மாளை ஒற்றையாகப் போடுவதா? பாவம் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் தம்பூரா மீட்ட ஒரு பெண் இருந்தால் தேவலை என்று கம்ப்யூட்டரில் தேடினான். பெருமாயியின் அண்ணன் பேரனுக்குக் காது குத்தியபோது எடுத்த படம் கிடைத்தது. சீர்த்தட்டை ஏந்திப் பெருமாயி பந்தலடியில் உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரன் விடாப்பிடியாக நின்றதால் சிரித்தும் இருந்தாள். ரமேஷ்குமார் தட்டை அழித்தான். தட்டோடு விரல்களும் போய்விட்டன, நகைக்கடை விளம்பரத்திலிருந்து விரல் எடுத்து ஒட்டியதில் ஒன்று கூடிவிட்டது. பந்தல் துணி காதோரம் கொஞ்சம் மிச்சம் நின்றது. கீழே பாய் போட மறந்தான், நிழல் போட மறந்தான். ஒரு காலண்டரிலிருந்து தம்பூராவை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். பின்னணிக்கு அருவி. முடித்துவிட்டுப் பார்த்தான், அவனுக்குப் பிடித்திருந்தது.

பெருமாயியின் மகள் தேன்மொழி நர்சிங் சர்டிபிகேட்டை லேமினேஷன் போட அந்தக் கடைக்குப் போனபோதுதான் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்தாள். போனில் தேடி எடுத்து, அம்மா படம் போட்ட பாட்டாயிற்றே என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா அடுப்புக்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கிறாள். தேன்மொழி பாட்டை நிறுத்தினாள், அம்மா இறங்கினாள். போட்டாள், ஏறினாள். இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ளலாம் என்று போட்டதற்குத்தான் பெருமாயி இறங்கியதும் துடைப்பத்தை எடுத்தாள்.

பெருமாயி அன்று சாயங்காலமே போய் ரமேஷ்குமாரைப் பிடித்தாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு பாட்டைப் போட்டு, மேலே ஏறியவளின் காதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, அவசரமாக நிறுத்தினான். “அக்கா, இந்தப் பாட்டையெல்லாம் யாருக்கா கேக்கறா? வாரத்துல ஒருத்தர் கேட்டா அதிசயம். கொஞ்சம் பொறுத்துக்கக்கா” என்றான். அப்போதைக்கு அது உண்மைதான். மலைக்காட்டில் அட்டைக்கடியும் பன்றித் தொல்லையும் பொறுத்தவளுக்கு இது பெரிசா என்று பெருமாயியும் விட்டுவிட்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

அடுத்த வருஷம் எந்த ஊரிலோ எவரோ ஒரு புண்ணியவான், தூக்கம் வராதவர்களுக்கு என்று ஒரு பாட்டு வரிசை கட்டி, அதில் பாடகி அம்மாளின் கச்சேரியைச் சேர்த்துவிட்டார். தூக்கம் வராதவர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று பெருமாயிக்கு அதுவரை தெரியாது. அமெரிக்காவில் இரவென்றால் இங்கே பகல். அவர்கள் படுக்கிற நேரம் பார்த்து அவள் காட்டில் ஏறினாள். அவர்கள் எழுகிற நேரம் சிங்கப்பூர்க்காரர்கள் படுத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் போட்டார்கள், ஓட்டல் லிப்ட்டுகளில் போட்டார்கள், பல் பிடுங்குகிற இடத்தில் போட்டார்கள். பூமியில் ஒருவர்கூட அந்தப் பாட்டைக் கேட்காத நேரம் என்று ஒன்று இருந்தால்தான் அவளுக்கு இறங்க முடியும், அந்த இடைவெளி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. இறங்கினால் முதலில் கொல்லைப்புறம் ஓடுவாள், பிறகு கூழ், பிறகு தலையில் தண்ணீர். வாயில் வைத்த உருண்டையோடு ஏறிய நாட்களும் உண்டு.

வளவு சீக்கிரம் பழகிக்கொண்டது. ஆறு விரலில் அரிவாளை மாட்டிவிட்டுப் போனார்கள். அசையாத மடியாயிற்றே என்று பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனார்கள், பிள்ளைகளும் நன்றாகத் தூங்கின. பாவாயி எதிரே உட்கார்ந்து அவளிடம் நாளெல்லாம் பேசினாள். குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. பெருமாயிக்கோ உள்ளே கொதித்தது. கண்ணுக்கு எதிரே மிளகு பழுத்துச் சிவந்து, குருவி தின்று, மிச்சம் உதிர்ந்தது. சாமை விதைக்கிற பருவம் வந்து போயிற்று. என் கை, என் கால், என் காடு, எவனோ தூங்குவதற்கு நான் தொங்க வேண்டுமா என்று உள்ளுக்குள்ளே கத்தினாள், வெளியே சிரித்தாள். ஆடிக்காற்று வந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. காற்று தள்ளிய பக்கம் நகர ஆரம்பித்தாள். ஒரு நாள் பள்ளத்து விளிம்பு வரைக்கும் போய்விட்டாள். சுப்பையன் ஓடிப்போய்ப் பிடித்து, மாட்டுக்கயிற்றை அவள் இடுப்பில் கட்டிப் பலாமரத்தில் முடிந்தான். இறங்கியதும் அவள் கயிற்றைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். “என்னயக் கட்டிப் போட்டுட்டீங்களா?” என்றாள். “காத்து அடிக்குது பெருமா, நான் வேற என்னதான் பண்ண?” என்று சொல்லிவிட்டுச் சுப்பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவளை வண்டியில் பின்னால் உட்காரவைத்துச் செம்மேட்டுக்குக் கிளம்பினான். பாதி வழியில் அவள் ஏறிவிட்டாள். கயிறு இடுப்பிலேயே இருந்ததால் சுப்பையன் வண்டியை நிறுத்தவில்லை. பெருமாயி பின்னால் பலூன்போல மிதந்துகொண்டே வந்தாள். எதிரே வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார். கடை வாசல் கம்பத்தில் கட்டிவிட்டு இருவரும் இடைவெளிக்காகக் காத்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் அவள் இறங்கி, நேரே கடைக்குள் போய், ரமேஷ்குமாரின் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டே ரமேசு, என்னய எடுத்துப்போடு அதுலருந்து.”

“எடுத்தா அந்தம்மா ஒத்தையா நிப்பாங்கக்கா. அது அஞ்சலி நோட்டீசு ஆயிரும்.”

“நான் இங்க உசுரோட அஞ்சலியாத் தொங்கறனே, அது உங்கண்ணுக்குத் தெரியலயா?”

ரமேஷ்குமார் மவுசைக் கையில் எடுத்தான். அவளை அழித்தான், அவள் இருந்த இடத்தில் அருவியை அகலப்படுத்தினான், சந்தோஷ்குமாருக்கு அனுப்பினான். அன்று மாலை படம் மாறிற்று, பெருமாயி தரையில் நின்றாள்.

அந்தச் சில நாட்களை அவள் பிற்பாடு நினைக்கிறபோதெல்லாம் மூச்சு வாங்கும். மரத்தில் ஏறினாள், ஏறிய இடத்திலேயே இருந்தாள். கிழங்கு பிடுங்கினாள். கொண்டை ஊசி வளைவெல்லாம் கடந்து பஸ்ஸில் அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் இறங்கிப் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாததால் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தாள். பாவாயி வந்து உட்கார்ந்தபோது அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் குறுக்கே பேசினாள்.

பிறகு சென்னையிலிருந்து போன் வந்தது. படம் மாறிய அன்றே பாடகி அம்மாள் பூஜை அறையில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தாயிற்று, ஒரு நோயும் இல்லை, ஆனால் நாடி இறங்கிக்கொண்டே போகிறது. படுக்கையைச் சுற்றி ஊதுபத்தி வாசம் அடிக்கிறது, நர்சுகள் தேடியும் ஊதுபத்தி கிடைக்கவில்லை. சந்தோஷ்குமார் இதைச் சொல்லிவிட்டு, அட்டைப்படத்தைத் திறந்து பார்க்கச் சொன்னான். ரமேஷ்குமார் திறந்தான். படத்தின் கீழே இடது ஓரத்தில், அவன் எழுதாத எழுத்தில், தோற்றம் என்றும் அம்மாளின் பிறந்த தேதியும் இருந்தன. வலது ஓரத்தில் மறைவு என்று இருந்தது. பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு எண் மங்கலாகக் கிளம்பி வருவது தெரிந்தது.

ரமேஷ்குமாரும் சந்தோஷ்குமாரும் சும்மா இருக்கவில்லை. அன்னங்களைப் போட்டுப் பார்த்தார்கள். பறவைகள் கணக்கில் சேரவில்லை. செத்துப்போன வித்வான்களின் படத்தைப் போடலாமா என்றால், அவர்கள் கையோடு கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று ரமேஷ்குமாரே பயந்தான். ஒரு தலைவர் படத்தைப் போடலாம் என்றபோது எந்தத் தலைவர் என்று சென்னையில் சண்டை கிளம்பியது. பாட்டையே எடுத்துவிடுங்கள் என்றால், ஓடுகிற பாட்டை எவனாவது எடுப்பானா என்று கம்பெனி முதலாளி போனை வைத்துவிட்டார். செய்தி கேட்டுக் கடைக்கு வந்த பெருமாயி, உன் படத்தைப் போடேன் என்று ரமேஷ்குமாரைக் கேட்டாள். அவன் மானிட்டருக்குப் பின்னால் குனிந்து ஏதோ ஒயரைத் தேடினான்.

அந்தப் பொம்பளை யாரோ, நான் யாரோ என்று பெருமாயி வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே அவளுக்கு ஒரு போன் வந்தது, பாடகி அம்மாளே போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். குரல் காதுக்குள் கேட்டுப் பழகிய அதே குரல், இப்போது கொஞ்சம் மெலிந்திருந்தது.

“நீதானாம்மா என் பக்கத்துல உக்காந்திருந்தது?”

“ஆமாங்க.”

“தம்பூராவை அப்படிப் பிடிக்கப்படாது. பார்த்தப்பவே சொல்லணும்னு இருந்தேன்.”

“நான் எங்கீங்க புடிச்சேன், அந்த ரமேசுப் பய தொங்க உட்டது.”

அம்மாள் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. “எழுந்து போயிட்டியாமே. நல்லது பண்ணினே. யாராவது சொன்னாங்கன்னு திரும்ப வந்து உக்காராதே. எனக்கு வயசாச்சு. என் பக்கத்துல உக்காந்து வாசிச்சவங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு, தனியா இருந்து எனக்குப் பழக்கம்தான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெருமாயிக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. வா என்று கெஞ்சியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாள். வராதே என்கிறாளே இந்தக் கிழவி! ஒரு கூடைக் கிழங்கைப் பிடுங்கி முடிக்கிற வரைக்கும் அம்மாளைத் திட்டினாள், ரமேஷ்குமாரைத் திட்டினாள், தூக்கம் கெட்ட உலகத்தைத் திட்டினாள். என் மிளகுக்காக ஒரு உசுரு போகணுமா என்று கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு அவளுக்கு வேறொன்று தோன்றியது. கொழுந்தனார் மகள் சீர்ப் பேனரில் தன் முகத்தை ஸ்டாம்ப் அளவில் ஒரு மூலையில் போட்டார்கள் என்று ஒரு வருஷம் அந்த வீட்டுப்பக்கமே போகாமல் இருந்தவள் அவள். ரமேஷ்குமாருக்குப் போன் போட்டாள்.

“என்னய முழுசாப் போடாத. மூஞ்சிய மட்டும் வெட்டி, ஸ்டாம்பு சைசுல ஒரு மூலைல ஒட்டு. கையும் காலும் எங்கிட்டயே இருக்கட்டும்.”

அவன் அப்படியே செய்தான். அம்மாள் அன்று மாலையே எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். தோற்றமும் மறைவும் படத்திலிருந்து கரைந்து போயின. பெருமாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கால் தரையிலேயே நின்றது, கை சொன்னபடி கேட்டது. முகம் மட்டும் இழுத்துக்கொண்டு போய்க் காதுகுத்துச் சிரிப்பில் நின்றுவிட்டது. காதோரம் நீலத்துணி ஒட்டிக்கொண்டது.

முதல் மாதம் அதுவே பெரிய விடுதலையாக இருந்தது. களை எடுத்தாள், வரப்பு வெட்டினாள். பேச்சு பல்லிடுக்கில் வந்தது, வளவுக்காரர்களுக்கு அது புரியப் பழகிவிட்டது. கூழைக் கரைத்து ஊற்றிக்கொள்ளலாம், மெல்லுகிறதெல்லாம் இடைவெளியில்தான். ஆனால் போகப் போக அவளுக்குத் தெரிந்தது, கையும் காலும் போனபோதுகூட இத்தனை நஷ்டம் இல்லை. காட்டுக்குள் மாட்டை விட்டவனை ஏசினால் அவன் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனான். இழவு வீட்டுக்குப் போகாமல் இருந்தாள். மகள் வேலை கிடைத்து ஓசூருக்குக் கிளம்பியபோது பஸ் ஜன்னலிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டு கையாட்டினாள், உள்ளே அழுதது மகளுக்குத் தெரிந்ததோ இல்லையோ. வேறு படமாவது ஒட்டச் சொல்லலாம், வாயை மூடிய படம் ஒன்று எடுத்துப் போடலாம் என்று ரமேஷ்குமாரிடம் போனாள். அதற்குள் சென்னைக் கம்பெனியை யாரோ வெளிநாட்டார் வாங்கிவிட்டார்கள், சந்தோஷ்குமாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதிக் கேட்டதற்கெல்லாம், உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. அட்டைப்படத்தை மாற்றக்கூடிய ஆள் எவரும் மிச்சமில்லை.

சுப்பையன் கீழே கட்டட வேலைக்குப் போய் வாரக்கடைசியில் மலையேறுவான். சிரித்த முகமாக ஒரு பெண்டாட்டி என்று முதலில் அவனுக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கீழே இருக்கிறவர்களிடம் சொல்லியும் திரிந்தான். பிறகு அது அவனை அரிக்க ஆரம்பித்தது. வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வான். என்ன பாக்கறீங்க என்று அவள் பல்லிடுக்கில் கேட்டால், “உன்னயப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், இன்னும் காணமே” என்பான். எப்போதாவது இடைவெளி விழும். உதடு மூடும், புருவம் சுருங்கும், அவள் அவனைப் பார்த்து வழக்கம்போல முறைப்பாள். “ஆ, வந்துட்டா” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவான்.

ஒரு மார்கழியில் சுப்பையன் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான்.

ஆம்புலன்ஸ் வளைவு வளைவாக ஏறி வந்து அவனை வாசலில் இறக்கியது. மார்கழி என்றால் சென்னையில் கச்சேரி மாதம். கேட்காதவர்களும் கேட்பார்கள். பாட்டு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெருமாயியின் முகம் ஒரு வாரமாக அவிழவே இல்லை. அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து சிரித்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள், மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள், கண்ணீர் கொட்டியது, கண்ணீருக்கு நடுவே பல் பளிச்சென்று தெரிந்தது. கீழ்நாட்டில் வாக்கப்பட்டுப் போன சுப்பையனின் அக்கா அத்தாயி வேனை விட்டு இறங்கியதும் அதைத்தான் பார்த்தாள்.

“அடிப்பாவி, எந்தம்பி பொணமாக் கெடக்கறான், பல்லக் காட்டிட்டு உக்காந்திருக்கறயே!” என்று கத்திக்கொண்டே வந்து கன்னத்தில் அறைந்தாள். பெருமாயி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். நியாயமான அடி என்றுதான் அவளுக்குப் பட்டது. தன் கையால் தன் உதட்டை இழுத்து மூடப் பார்த்தாள், விட்டதும் அது பழைய இடத்துக்கே போயிற்று. பாவாயி வந்து அத்தாயியின் கையைப் பிடித்தாள். “அடிக்காதீங்கக்கா. அது அவ சிரிப்பு இல்லீங்க. எங்கயோ ஒருத்தரு பாட்டுக் கேக்கறாங்க” என்றாள். அத்தாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேன்மொழி போனில் படத்தை எடுத்து, மூலையில் இருந்த சின்ன முகத்தைக் காட்டினாள். அத்தாயி அதைப் பார்த்தாள், பெருமாயியைப் பார்த்தாள், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

குளிப்பாட்டியாயிற்று, கோடி போட்டாயிற்று, பாடையும் கட்டியாயிற்று. தூக்குகிற நேரத்தில் பெருமாயி பாடைக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் விரித்தாள். பல்லிடுக்கில் என்னவோ சொன்னாள். வெளியூர்க்காரர்களுக்கு அது சத்தமாக மட்டும் கேட்டது, வளவுக்குப் புரிந்தது. அவன் இன்னும் என்னைப் பார்க்கவில்லை என்றாள்.

ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள், மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். கீழ்நாட்டுச் சொந்தங்கள் கடைசி பஸ்ஸைப் பற்றி முணுமுணுத்தன. பஸ் போனால் போகட்டும், திங்கக் கிழங்கு இருக்குது, படுக்க ஊடு இருக்குது என்றாள் பாவாயி. வெயில் சாய்ந்தது. சுப்பையன் காத்துக் கிடந்தான், அது அவனுக்குப் புதிது அல்ல. பெருமாயி அவன் முகத்துக்கு நேரே குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பொழுது இறங்குகிற சமயத்தில், உலகத்தில் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு காரணத்துக்காக நிறுத்தினார்கள். தூங்கியிருப்பார்கள், விழித்திருப்பார்கள், கரண்ட் போயிருக்கும். பெருமாயியின் காதோரத்து நீலத்துணி காணாமல் போயிற்று. உதடு நடுங்கி மூடியது. புருவம் சுருங்கியது. அவளுடைய முகம், சிடுசிடுத்த சொந்த முகம், சுப்பையனுக்கு நேரே வந்து நின்றது. “பாத்துக்கங்க” என்று தெளிவாகச் சொன்னாள். பிறகு வாயைத் திறந்து அழுதாள். அத்தனை வருஷமாக அடைபட்டுக் கிடந்தது மொத்தமும் வெளியே வந்தது; அந்தச் சத்தத்தில் மேளக்காரரும் அழுதார், அத்தாயி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் பாடையைத் தூக்கினார்கள். வளவு எல்லை வரைக்கும் அவள் அழுதபடியே கூடப் போனாள். பெண்கள் நிற்கிற இடத்தில் நின்று, பாடை வளைவு திரும்புகிற வரை பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கோ ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை.

பாடகி அம்மாள் இன்னும் நன்றாக இருக்கிறார், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். பெருமாயி மிளகு பறிக்கிறாள். மேல்வளவில் இப்போது எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள், அவள் முகம் அவிழ்ந்து அழுது முடித்த பிறகுதான் பாடையைத் தூக்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் எதற்கு நிற்கிறோம் என்று கேட்டால், “எங்கயோ பாட்டு ஓடுதுங்க, முடியட்டும்” என்பார்கள்.